அறுகாலும் அகராதியும்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழின் மொழிப் பகுதியில், நிகண்டுகளும் (ஒரு பொருளின் பல பெயர்களைச் செய்யுளில் தொகுத்துத் தரும் நூல்கள்) பழைய அகராதிகளும் பூச்சிகளுக்கு எப்படிப் பெயரிட்டு வைத்திருக்கின்றன என்பதைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பு வெளிவந்தது. வண்டுக்குப் பெயர் கேட்டால் வாரி வழங்கும் அந்நூல்கள், வண்டின் உறுப்புகளுக்குப் பெயர் கேட்டால் கையை விரித்துவிடுகின்றன என்பது அக்குறிப்பின் சாரம். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை குமரி மாவட்டத்திலிருந்து வந்தவை. பிற மாவட்டங்களில் ஏட்டோடு நின்றுவிட்ட சொற்கள் சில அங்கே இன்றும் வீட்டிலும் தோப்பிலும் புழங்குவதால், இது வியப்புக்குரியதன்று. அவற்றில் சில கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: சுரும்பு, ஞிமிறு, தும்பி, அளி, பிரசம், மதுகரம், அறுபதம் என்று நிகண்டு அடுக்குகிறதே, இவை அனைத்தும் ஒரே வண்டின் பெயர்களா, வெவ்வேறு இனங்களின் பெயர்களா? மாணவிகள் கேட்கும்போது "எல்லாம் வண்டுதான்" என்று சொல்லிக் கடந்துவிட மனம் வரவில்லை. (தமிழாசிரியை, தக்கலை)

பதில்: நிகண்டு யாருக்காகச் செய்யப்பட்டது என்பதை மாணவிகளுக்கு முதலில் சொல்லிவிடுங்கள். நமக்குக் கிடைத்துள்ள நிகண்டுகளுள் மூத்ததான திவாகரம், உலகத்துப் பொருள்களை 12 தொகுதிகளாகப் பகுத்துத் தெய்வத்தில் தொடங்கி மக்கள், விலங்கு, மரம், இடம் என்று இறங்கி வருகிறது. மூன்றாவதாகிய விலங்கின் பெயர்த் தொகுதியில்தான் யானையும் புலியும் இருக்கின்றன; எறும்பும் வண்டும் இருக்கின்றன. மனப்பாடம் செய்வதற்கென்றே செய்யுளில் இயற்றப்பட்ட நூல் அது. பாட்டு எழுத அமர்ந்தவருக்கு மோனைக்கு ஒரு பெயரும் எதுகைக்கு ஒரு பெயரும் உடனே நாவில் வர வேண்டும் என்பதே அதன் நோக்கமாக இருந்ததால், ஒரு பெயருக்கும் இன்னொரு பெயருக்கும் இடையே உயிரினத்தில் வேறுபாடு உண்டா என்ற கேள்வியை அது எழுப்பவே இல்லை. எழுப்பாத கேள்விக்கு அதனிடம் விடை தேடுவது வீண்.

ஆனால் அப்பெயர்கள் எதைப் பார்த்து இடப்பட்டவை என்று கேட்டால் பட்டியல் வாய் திறக்கிறது. மதுகரம் என்றால் தேனைச் செய்வது; அது தொழிலைப் பார்த்த பெயர். பிரமரம் என்றால் சுற்றிச் சுழல்வது. அது பறக்கும் விதத்தைப் பார்த்த பெயர். இவ்விரண்டும் வடமொழியிலிருந்து வந்தவை. ஞிமிறு என்பதைச் சற்று நிறுத்திச் சொல்லிப் பாருங்கள். சொல்லும்போதே மூக்கில் ஒரு ரீங்காரம் எழும். அதுவே எழுத்து முன்பின்னாக மாறி மிஞிறு என்றும் வழங்குவதால், இலக்கண ஆசிரியர்கள் அதனைத் தசை, சதை என்பவற்றோடு சேர்த்து எடுத்துக்காட்டுவது வழக்கம். அறுபதம், அறுகால் என்பன காலை எண்ணி இட்ட பெயர்கள். இன்றைய விலங்கியலில் ஓர் உயிர் பூச்சியினத்தைச் சேர்ந்ததா இல்லையா என்பதை முடிவு செய்யும் முதல் அடையாளமே ஆறு கால்கள்தாம். பறந்துகொண்டே இருக்கும் ஒரு சிற்றுயிரின் கால்களை எண்ணி, அந்த எண்ணையே பெயராக்கியவர்களின் கண்ணைப் பாராட்டத்தான் வேண்டும்.

இனி இன வேறுபாட்டுக்கு வருவோம். மலைத்தேனீ, கொம்புத் தேனீ, பெட்டியில் வளர்க்கும் இந்தியத் தேனீ, சுவர் இடுக்கில் கூடு வைக்கும் கொடுக்கில்லாச் சிறுதேனீ, கூரை மரத்தைத் துளைக்கும் பெரிய கருவண்டு என ஐந்து விதங்களையேனும் உங்கள் மாவட்டத்தில் எளிதாகக் காணலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிகண்டுப் பெயரைப் பொருத்திவிடும் ஆசை பலருக்கு வருகிறது. அப்படிச் செய்த பட்டியல்களும் உலவுகின்றன. அதற்குச் சான்று போதாது என்பதே எம் கருத்து. இவை வண்டின் பல பெயர்கள். அவற்றுள் சில ஒரு காலத்தில் தனித்தனி இனத்தைக் குறித்திருக்கலாம். மாணவிகளிடம் இந்த அளவோடு நின்றுகொள்வது நேர்மையாக இருக்கும்.

கேள்வி: எங்கள் பக்கம் தட்டானைத் தும்பி என்போம். பாடநூலோ தும்பி என்றால் வண்டு என்கிறது. எது சரி? (கல்லூரி மாணவர், அருமனை)

பதில்: இரண்டும் சரி. "கொங்குதேர் வாழ்க்கை அஞ்சிறைத் தும்பி" என்று குறுந்தொகையில் அழைக்கப்படுவது பூந்தாதை ஆராய்ந்து திரியும் வண்டு. தட்டான் பூவைத் தேடாது, கொசுவையும் சிறு பூச்சிகளையும் பறந்தபடியே பிடித்துத் தின்னும். ஆகவே அந்தப் பாட்டில் தட்டானுக்கு இடமில்லை. ஆனால் மலையாளத்திலும் ஈழத்தமிழிலும் தும்பி என்றால் தட்டான்தான். அந்த வழக்கே அருமனையிலும் இருக்கிறது. நிகண்டில் இதே சொல்லுக்கு யானை என்ற பொருளும் உண்டு என்பதை நண்பர்களிடம் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: தென்னங்குருத்தைத் துளைக்கும் வண்டைக் கொம்பன் வண்டு என்கிறோம். வேளாண்மைத் துறையின் துண்டறிக்கையில் "உணர்கொம்பு" என்று வேறொரு கொம்பு வருகிறது. ஒரு வண்டுக்கு எத்தனை கொம்பு? இதன் உறுப்புகளுக்குப் பழைய சொற்கள் உண்டா? (தென்னை விவசாயி, ராஜாக்கமங்கலம்)

பதில்: உங்கள் குழப்பத்துக்குக் காரணம் வண்டு அன்று, சொல்தான். குருத்திலிருந்து முனை வளைந்த கம்பியால் வெளியே இழுத்த வண்டு ஒன்றை உள்ளங்கையில் மல்லாத்தாமல் வைத்துப் பாருங்கள். தலையின் நடுவிலிருந்து பின்னோக்கி வளைந்து நிற்கும் ஒற்றை முள்தான் நீங்கள் கொம்பு என்பது. அது ஆணுக்கு நீளமாகவும் பெண்ணுக்குக் குட்டையாகவும் இருக்கும். ஐயமிருந்தால் வயிற்றின் நுனியைப் பாருங்கள். அங்கே செம்பட்டை மயிர் அடர்ந்திருந்தால் பெண். இக்கொம்பில் உணர்ச்சி எதுவும் இல்லை; அது வெறும் ஓட்டின் நீட்சி. துண்டறிக்கை சொல்லும் உணர்கொம்புகள் இரண்டு. அவை கண்களுக்கு முன்னால், தாடையை ஒட்டி மடங்கிக் கிடப்பதால் சட்டென்று தெரியாது. ஒவ்வொன்றின் நுனியிலும் மூன்று மெல்லிய ஏடுகள் அடுக்கி வைத்ததுபோல் இருக்கும். வண்டு மணம் பிடிக்கும்போது அந்த ஏடுகளை விரித்துக்கொள்ளும்.

உணர்கொம்பு என்பது பாடநூல் எழுதியவர்கள் ஆக்கிய புதுச்சொல். பழைய அகராதிகள் பூச்சியின் இவ்வுறுப்பைத் தனியாகப் பெயரிட்டுப் பேசுவதில்லை. ஊரிலும் கொம்பு, மீசை என்று பிற விலங்கின் உறுப்பைக் கடன் வாங்கியே சொல்லிவருகிறோம். கரப்பானுக்கு மீசை பொருந்துகிறது. உங்கள் வண்டுக்குக் கொம்பும் பொருந்தவில்லை, மீசையும் பொருந்தவில்லை. "உணரி" என்று சுருக்கிக்கொண்டால் இந்தச் சண்டையே எழாது.

சிறகைப் பொறுத்தவரை நிலைமை நேர்மாறானது. வண்டின் முதுகை மூடியிருக்கும் பளபளப்பான இரண்டு தகடுகள் உண்மையில் முன்சிறகுகள். அவை பறக்கப் பயன்படாமல் கெட்டியாகி மூடிகளாகிவிட்டன. அவற்றை நகத்தால் மெல்ல நெம்பினால், உள்ளே பழுப்பு நிறக் கண்ணாடித் தாள் போன்ற பின்சிறகுகள் நீளவாட்டிலும் குறுக்கிலும் மடிந்து கிடப்பதைக் காணலாம், பறப்பது அவற்றால்தான். முந்தைய விடையில் வந்த "அஞ்சிறை" என்ற சொல்லுக்கு உரைகாரர்கள் இரண்டு பொருள் காண்கிறார்கள். அம் சிறை என்று பிரித்தால் அழகிய சிறகு. அங்கை என்பது அகங்கை, அதாவது உள்ளங்கை ஆவதுபோல, அகம் சிறை என்று பிரித்தால் உள்ளே அமைந்த சிறகு. இலக்கணத்தில் இரண்டும் செல்லும். குறுந்தொகைத் தும்பி எந்த இனம் என்று நாம் வழக்காட வரவில்லை. ஆனால் முதுகு மூடியுள்ள வண்டினம் முழுவதற்கும் உள்ளே பறக்கும் சிறகு உண்டு என்பதால், பின்சிறகை அகச்சிறை என்றும் மூடியைப் புறச்சிறை என்றும் வழங்கினால், கேட்டவுடன் விளங்கும் இரண்டு கலைச்சொற்கள் நமக்குக் கிடைக்கும். பாடநூல்களில் இவை இல்லை என்பது எமக்குக் குறையாகவே படுகிறது.

எருக்குழியில் அரைவட்டமாகச் சுருண்டு கிடக்கும் இதன் வெள்ளைப் புழுவையும் எடுத்துப் பாருங்கள். அதற்கும் தலைக்குப் பின்னால் ஆறு கால்கள் உண்டு. உடலின் இரு பக்கமும் வரிசையாகத் தெரியும் பழுப்புப் புள்ளிகள் அது மூச்சுவிடும் துளைகள். மூக்கால் மூச்சுவிடும் உயிர்களையே கண்டு பழகிய அகராதியில் இந்தத் துளைகளுக்குப் பெயர் இல்லாதது இயல்பு. மூச்சுத்துளை என்ற இன்றைய சொல்லே போதும்.

கேள்வி: தலைமுறையாகத் தேனீ வளர்க்கிறோம். தேனடைக்கு "இறால்" என்ற பெயர் இருந்ததாகச் சொல்கிறார்கள். கடலில் பிடிக்கும் இறாலுக்கும் அதற்கும் என்ன தொடர்பு? கொடுக்கு என்பது பழைய சொல்லா? (தேனீ வளர்ப்பவர், மார்த்தாண்டம்)

பதில்: சங்கப் பாடல்களில் தேன்கூட்டுக்கு இறால் என்ற பெயர் உண்டு. கடல் இறாலோடு அதற்கு ஒலி ஒற்றுமையைத் தவிர வேறு உறவு சொல்ல முடியாது. பிரசம் என்ற சொல் தேனையும், தேனீயையும், தேன்கூட்டையும் குறிக்கிறது. முற்றிய தேனின் நிறத்துக்கு ஓரி என்று தனிப்பெயரே இருந்தது. பாரியின் பறம்புமலையைப் பாடும் புறநானூற்றுப் பாட்டில் "அணிநிற ஓரி" என்று அது வருகிறது. தேன் எடுப்பவருக்குப் பயன்படும் சொற்கள் இப்படித் திரளாகக் கிடைக்க, தேனீயின் உடலைப் பற்றிய சொற்கள் மட்டும் ஏன் அரிதாயின என்றால், கூட்டைப் புகையிட்டுக் கலைத்துத் தேனை எடுத்துச் செல்லும் தொழிலில் தேனீயின் உடலைக் கூர்ந்து பார்க்க வேண்டிய தேவை எழவில்லை என்று எண்ணத் தோன்றுகிறது. 1920களில் ஸ்பென்சர் ஹாட்ச் தலைமையில் மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்புப் பணியைத் தொடங்கிப் பெட்டித் தேனீ வளர்ப்பைப் பரப்பிய பிறகே, இராணியையும் ஆண் தேனீயையும் பிரித்தறிவதும், புழுவறையையும் தேனறையையும் தனித்தனியே பார்ப்பதும் அன்றாட வேலைகளாயின. அந்தத் தேவையிலிருந்து பிறந்த சொற்களை இன்று நீங்கள்தாம் வைத்திருக்கிறீர்கள். அவற்றை எழுதி வைத்தால் அகராதிக்கு நல்லது.

கொடுக்கு பழைய சொல்தான். ஆனால் அது ஓர் உறுப்பின் பெயராக இல்லாமல், ஒரு செயலின் பெயராக இருக்கிறது. நண்டுக்கு முன்னால் இருக்கும் கவ்வுகாலும் கொடுக்கு. தேளுக்கு வால் நுனியில் இருக்கும் நச்சு முள்ளும் கொடுக்கு. நம்மைத் துன்புறுத்துவது எதுவோ அது கொடுக்கு என்ற கணக்கில் தேனீயின் முள்ளும் அப்பெயர் பெற்றது. உடற்கூற்றின்படி அது முட்டையிடும் குழாய் மாறி அமைந்த உறுப்பு. அதனால்தான் ஆண் தேனீக்குக் கொடுக்கு கிடையாது. வேலைக்காரத் தேனீயின் கொடுக்கில் பின்னோக்கிய சிறு பற்கள் இருப்பதால், அது நம் தோலில் மாட்டிக்கொண்டு, தேனீ பறக்கும்போது அதன் வயிற்றிலிருந்து பிய்ந்து வந்துவிடுகிறது.

இடையில் ஒன்று. நிகண்டும் பாட்டும் தேனீயைப் பூவோடு பிணைத்தே பேசும். உங்கள் ஊர்ப் பெட்டிகளில் நிறையும் தேனில் பெரும்பங்கு, ரப்பர் மரம் புதுத்தளிர் விடும் காலத்தில் அதன் இலைக்காம்பு நுனியில் ஊறும் இனிப்பு நீரிலிருந்து வருகிறது. அதற்கும் பூவுக்கும் தொடர்பில்லை. "கொங்குதேர் வாழ்க்கை"க்குக் குமரியில் ஒரு விதிவிலக்கு உண்டு.

கேள்வி: பிலாவில் (பலாமரத்தில்) ஏறிச் சக்கை (பலாப்பழம்) பறிக்கும்போது இலைக்கூட்டிலிருந்து வந்து கடிக்கும் செவ்வெறும்பை முசிறு என்போம், பெரியவர்கள் நீறு என்பார்கள். இதற்கு அகராதியில் இடம் உண்டா? (இல்லத்தரசி, திருவட்டாறு)

பதில்: அகராதியில் மட்டுமன்று, நற்றிணையிலேயே இடம் உண்டு, அதுவும் பிலாவோடு சேர்ந்தே. "பழனப் பாகல் முயிறு மூசு குடம்பை" என்று 180ஆம் பாட்டு தொடங்குகிறது. முயிறு என்பது உங்கள் முசிறுதான். பாகல் என்பதற்கு இங்கே பலா என்று பொருள் கொள்வார்கள். வயல் ஓரத்துப் பலாவில் முயிறு மொய்க்கும் கூட்டின்மேல் ஒரு நாரை உரசுகிறது. கூடு சிதைந்து, செந்நெல்லோடு வெள்ளரிசி விரவினாற்போல் எல்லாம் கீழே சிந்துகின்றன. செந்நெல் என்பது எறும்பு. வெள்ளரிசி என்பது அதன் குஞ்சுகள். முட்டை என்று நாம் பொதுவாகச் சொன்னாலும், அரிசியளவுக்குக் கண்ணில் படும் வெள்ளை உருக்கள் பெரும்பாலும் புழுக்களும் கூட்டுப்புழுக்களுமே ஆகும்.

அடுத்த முறை எட்ட நின்று அந்தக் கூட்டைக் கவனியுங்கள். உயிருள்ள பச்சை இலைகளையே எறும்புகள் வரிசையாக நின்று இழுத்துப் பிடிக்க, வேறு சில எறும்புகள் தம் புழுக்களை வாயில் கவ்வி இலையின் இரு ஓரங்களுக்கும் இடையே மாறிமாறிக் கொண்டுசெல்லும். புழுவின் வாயிலிருந்து வரும் பட்டு இழைதான் இலைகளை ஒட்டித் தைக்கிறது. குடம்பை என்ற சொல்லைப் பறவைக்கூட்டுக்கும் முட்டைக்கும் பயன்படுத்திய பழந்தமிழ், இந்த இலைக்கூட்டுக்கும் அதையே கொடுத்தது பொருத்தமாக இருக்கிறது.

கடிக்கும் உறுப்பையும் சொல்லிவிடுகிறோம். இவ்வெறும்புக்குக் கொடுக்கு இல்லை. பக்கவாட்டில் திறந்து மூடும் இரு தாடைகளால் கடித்து, கடிவாயில் வயிற்று நுனியிலிருந்து அமிலத்தைப் பீய்ச்சுவதால்தான் அவ்வளவு எரிச்சல். தாடை என்றால் மேலும் கீழும் அசைவது என்ற எண்ணம் நமக்கு வந்துவிடுகிறது. அகராதிகள் அலகு என்ற சொல்லுக்குப் பறவையின் மூக்கு, தாடை, கத்தியின் வாய் என்ற பொருள்களைத் தருகின்றன. எறும்பின் கடிவாய்க்கு அதைவிடத் தகுந்த சொல் கிடைப்பது அரிது.

கேள்வி: ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போகும் நேரத்தில் சீவீடு காதை அடைக்கிறது. இவ்வளவு சிறிய உயிருக்கு இவ்வளவு தொண்டையா? (பால்வெட்டும் தொழிலாளி, குலசேகரம்)

பதில்: தொண்டை இல்லை, வயிறு. சீவீடு என்ற உங்கள் சொல் சங்கப் பாட்டுச் சிள்வீடுதான்; பிற ஊர்களில் சில்வண்டு என்பார்கள். மலையாளத்திலும் அது இருக்கிறது. "உலவை ஓமை ஓங்குநிலை ஒடுங்கிச் சிள்வீடு கறங்கும்" என்று நற்றிணை அதைப் பாலைநிலத்து உலர்ந்த மரத்தில் வைத்துக் காட்டுகிறது. ஆண் சிள்வீட்டின் வயிற்றுத் தொடக்கத்தில் இரு பக்கமும் வரிவரியான விறைத்த சவ்வு ஒவ்வொன்று உண்டு. உள்ளிருக்கும் தசை அதனை இழுத்து விடும்போதெல்லாம் அது சொடுக்குகிறது. ஒரு நொடிக்குள் பலநூறு முறை அப்படிச் சொடுக்குவதும், வயிற்றின் பெரும்பகுதி வெற்றிடமாக இருப்பதும் சேர்ந்து ஒலியைப் பெருக்கிவிடுகின்றன. பெண்ணுக்கு இவ்வுறுப்பு இல்லை. இரவில் வீட்டு மூலையில் கத்தும் பாச்சை (சுவர்க்கோழி) வேறு இனம். அது முன்சிறகுகளை ஒன்றோடொன்று உரசி ஒலி எழுப்புகிறது, அதன் செவியோ முன்னங்காலில் இருக்கிறது. ஊரில் இரண்டையும் சீவீடு என்று சொல்பவர்கள் உண்டு. மரப்பட்டையில் முதுகு பிளந்து ஒட்டியிருக்கும் வெற்றுத் தோலைக் கண்டிருப்பீர்கள். மண்ணுக்குள் வேரின் சாற்றை உறிஞ்சிப் பல காலம் வாழ்ந்த இளம் சிள்வீடு, வெளியே ஏறி வந்து கழற்றிப்போட்ட சட்டை அது.

ஒலி என்று வந்துவிட்டால் பழந்தமிழுக்கு ஈடு சொல்ல முடியாது. வண்டு இமிரும், முரலும், சிள்வீடு கறங்கும். திவாகரத்தில் ஒலிக்கென்றே ஒரு தனித் தொகுதி இருக்கிறது. உறுப்புக்குப் பெயர் வைக்காதவர்கள், அந்த உறுப்பு எழுப்பும் ஒலிக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: சிதல், செல், கறையான், ஈசல் ஆகியவை ஒன்றா? எறும்புக்கும் சிதலுக்கும் மூன்றறிவு என்று தொல்காப்பியம் சொல்வது அறிவியலுக்கு ஒத்து வருமா? (மாணவர், இரணியல்)

பதில்: முதல் மூன்றும் ஒரே பூச்சியின் பெயர்கள். ஈசல் என்பது அதே புற்றிலிருந்து மழைக்குப் பின் பறக்கும் ஆணும் பெண்ணும். பழைய வடிவம் ஈயல். புறநானூற்றின் 119ஆம் பாட்டில் வரும் "செம்புற்று ஈயல்" அதுதான். செம்மண் புற்றையும் ஈயலையும் ஒரே தொடரில் வைத்ததிலிருந்து, இரண்டுக்கும் உள்ள உறவு அக்காலத்தவருக்குத் தெரிந்திருந்தது என்பது விளங்கும். அகராதி அவற்றைத் தனித்தனிப் பதிவாக வைத்திருப்பதால்தான் இன்று நாம் ஐயுறுகிறோம். வெள்ளை எறும்பு என்று சிலர் எழுதுவது தவறு. சிதல் எறும்பினம் அன்று. அது கரப்பானுக்கு நெருங்கிய உறவு.

"சிதலும் எறும்பும் மூவறி வினவே" என்பதில் மூன்றறிவு என்பன தொடுதல், சுவைத்தல், முகர்தல். வேலைக்காரச் சிதலுக்குக் கண் இல்லை. எனவே சிதலைப் பொறுத்தவரை அக்கூற்று வியக்கத்தக்க அளவு சரியாக இருக்கிறது. பறக்கும் ஈசலுக்குக் கண் உண்டு. எறும்புக்கும் உண்டு, ஆயினும் அது பெரிதும் மணத்தடத்தைப் பற்றியே செல்கிறது. "நண்டும் தும்பியும் நான்கறி வினவே" என்று அடுத்து வருகிறது. அங்கே கண் சேர்கிறது, செவி இல்லை. தேனீக்குச் செவி என்று தனி உறுப்பு இல்லை என்பதும், அது அதிர்வைக் காலாலும் உணரியாலும் அறிகிறது என்பதும் இன்றைய அறிவு. காலில் செவியுடைய பாச்சை மட்டும் இந்தக் கட்டத்துக்குள் அடங்காது. அதனால் தொல்காப்பியர் நுண்ணோக்கி வைத்திருந்தார் என்று மேடையில் முழங்க வேண்டாம்; புற்றையும் பூவையும் பொறுமையாகப் பார்த்தவர்கள் சொன்ன வகைப்பாடு என்று சொன்னால் அதுவே பெருமை.

கேள்வி: பூச்சிச் சொற்களைத் தேட எந்த அகராதியை முதலில் எடுப்பது? (ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகர்கோவில்)

பதில்: சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனை எடுங்கள். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த அதில், சொல்லோடு அது வரும் நூலும் குறிக்கப்பட்டிருப்பதால், ஒரு பெயர் பாட்டில் வாழ்ந்ததா, நிகண்டில் மட்டும் கிடந்ததா என்பது உடனே தெரிந்துவிடும். அதன் பதிப்பாசிரியர் வையாபுரிப் பிள்ளை முன்பு திருவனந்தபுரத்தில் வழக்கறிஞராக இருந்தவர் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதற்கு முன் 1862இல் வந்த வின்சுலோ அகராதியில் பேச்சுச் சொற்கள் தாராளமாகக் கிடைக்கும். நிகண்டுச் செய்தியை அகர வரிசையில் பார்க்க வேண்டுமானால் வீரமாமுனிவரின் 1732ஆம் ஆண்டுச் சதுரகராதி போதும். இவை எல்லாவற்றிலும் ஒரு பொதுக்குறை உண்டு: அரிய பெயர் வந்தால் "ஒரு வண்டு", "ஒரு பூச்சி" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அங்கே லெக்சிகன் காட்டும் பாட்டுக்குச் சென்று, அதில் மரம், பருவம், நிறம், ஒலி என்ன சொல்லப்பட்டிருக்கிறது என்று பார்ப்பதுதான் வழி. முயிறு நமக்கு அப்படித்தான் பிடிபட்டது.

உடலுறுப்புச் சொற்களுக்கு 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிரீனின் மொழிபெயர்ப்புகளைச் சிலர் பரிந்துரைப்பார்கள். அவர் மனித உடலுக்குச் சொல் ஆக்கியவர்; எலும்பும் நரம்பும் உள்ள உடலுக்கான அச்சொற்களை, எலும்பே இல்லாமல் வெளியே ஓடு போர்த்த உடலுக்குக் கொண்டுவந்தால் பெரும்பாலும் பொருந்தாது.

கேள்வி: மழைக்காலத்தில் மண்ணில் ஊரும் சிவப்பு வெல்வெட் பூச்சிக்குப் பழைய பெயர் என்ன? (பள்ளி மாணவி, தோவாளை)

பதில்: மூதாய். "குருதி உருவின் ஒண்செம் மூதாய்" என்று அகநானூற்றின் 74ஆம் பாட்டில், மழை பெய்த ஈர வழியில் அது ஊர்ந்து செல்கிறது. வடமொழி வழியாக வந்த இந்திரகோபம் என்ற பெயரும் அகராதியில் உண்டு. ஆனால் கால்களை எண்ணிப் பார், எட்டு இருக்கும். ஆகவே அது பூச்சியினத்தில் சேராது. சிலந்திக்கும் தேளுக்கும் உறவு.

கேள்வி: கொதுகு, கொசு, நுளம்பு? (பெயர் குறிப்பிடாத வாசகர், கொல்லங்கோடு)

பதில்: மூன்றும் ஒன்றுதான். கொதுகு மலையாளத்திலும் பழந்தமிழிலும், நுளம்பு ஈழத்தில், கொசு மற்ற எங்கும். கடிப்பது பெண் மட்டும்.